கடல்நீர்த் தொட்டியைச் ‘சைக்கிள்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய கடல்நீர் மீன்தொட்டியில் மீன் விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் வரை நடக்கும் ஆயத்தத்தை வளர்ப்போர் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். அதற்குச் ‘சுழற்சி’ என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. நைட்ரஜன் சுழற்சி பாடநூலிலேயே இருப்பதால் சொல்லில் பிழையில்லை. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்போது அது வேறொன்றைக் குறித்துவிடுகிறது என்பதே என் மறுப்பு.

பாளையங்கோட்டையில் என் வீட்டில் வைத்த தொட்டி மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையது. 190 லிட்டர் கொள்ளும். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்து, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 வந்ததும், மீன் விற்பவரிடம் சுழற்சி முடிந்ததை எப்படி அறிவது என்று கேட்டேன். “ஒரு வாரமா மோட்டார் ஓடுதுல்லா? தண்ணி நல்லா சுத்திட்டு. மீன விடுங்க அண்ணாச்சி” என்றார். விட்ட இரண்டு கோமாளி மீன்களும் மூன்றாம் நாள் காலையில் மணலில் கிடந்தன. அதன் பிறகே சோதனைக் குழாயில் நீரை எடுத்துத் துளிமருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சளாகவே இருக்கவேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அத்தனையும் மீனுக்கு நஞ்சான அம்மோனியா. அவர் பொய் சொல்லவில்லை. சுழற்சி என்ற சொல்லுக்குக் காதில் விழுந்த பொருளைத்தான் சொன்னார்.

உண்மையில் அந்த வாரங்களில் சுற்றுவது நீர் அன்று. அழுகும் இரையிலும், பின்னர் மீனின் கழிவிலும் எழும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்க, அதை நைட்ரோஸ்பைரா முதலியவை நைட்ரேட்டாக்குகின்றன. முதல் கூட்டம் பெருகி நைட்ரைட்டு மிகுந்த பின்னரே இரண்டாம் கூட்டம் பெருகத் தொடங்குவதால்தான் இத்தனை வாரம் பிடிக்கிறது. தொட்டியில் இட்ட கல்லின் நுண்துளைகளிலும் மணலிலும் இவை குடியேறி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகி, நைட்ரேட்டு மட்டும் எஞ்சுவதே முடிவுக்கு அடையாளம். ஆகவே பெயர் வைக்க வேண்டியது சுழற்சிக்கு அன்று. ஏனம் புழக்கத்துக்குத் தகுதியாவதற்கு.

அந்தச் செயலுக்கு நம் அடுக்களையில் ஏற்கெனவே சொல் உண்டு. காருகுறிச்சியிலிருந்து புதுச்சட்டி வாங்கி வந்தால் அன்றைக்கே அதில் குழம்பு வைப்பதில்லை. அரிசி கழுவிய நீரை ஊற்றிச் சில நாள் வைத்து, கஞ்சி காய்ச்சி, சட்டியைப் பழக்குகிறோம். அதே வினையை எடுத்துக்கொண்டு தொட்டி பழக்குதல், பழக்குகாலம், பழகிய தொட்டி என்று சொல்லலாம். ‘தொட்டி பழகிவிட்டதா?’ என்று கேட்டிருந்தால் அந்த விற்பனையாளர் மோட்டாரை நினைத்திருக்க மாட்டார். சட்டியில் துளை அடைபடுகிறது, தொட்டியிலோ துளையில் உயிர் குடியேறுகிறது என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புத்தான், எனினும் கலைச்சொல் வேதியியலை முழுவதும் சுமக்க வேண்டியதில்லை, பொறுத்திருக்க வேண்டும் என்பதைச் சொன்னால் போதும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றை நானே எழுப்புகிறேன். வாங்கிவந்த மீனின் பையில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உப்புக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஆக்குவதையும் பலர் ‘மீனைப் பழக்குதல்’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வினை ஆகாது. மீனுக்கு ‘நீரிணக்கல்’ என்றும் தொட்டிக்குப் ‘பழக்குதல்’ என்றும் பிரித்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். தொட்டிக்கு ‘முதிர்வித்தல்’ என்று வந்த பரிந்துரையும் நல்லதே. ஆனால் பேசும்போது யார் வாயிலும் அது வராது.

பழகிய தொட்டியிலிருந்து எடுத்துப் புதுத்தொட்டியில் இடும், நுண்ணுயிர் குடியேறிய கல்லுக்கும் பெயர் வேண்டும். ‘உயிர்ப்பாறை’ என்றால் கடலிலிருந்து பெயர்த்து வருவது என்று தோன்றிவிடும். தூத்துக்குடிக் கடலில் அவ்வாறு செய்வதற்கில்லை, ஏனெனில் அப்பாறை பெரும்பாலும் பவளக் கூடே, கல்பவளங்களோ 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பால் உறைய ஊற்றும் மோரை நினைத்து முதலில் ‘உறைகல்’ என்று எழுதிப் பார்த்தேன். பொன் உரைக்கும் உரைகல்லோடு அது பேச்சில் கலந்துவிடுகிறது. அந்த மோரைத் தெற்கே ‘பிரை’ என்போம். ஆதலால் ‘பிரைக்கல்’. கல்லுக்குப் பதிலாக வடிகட்டியின் பஞ்சை இட்டாலும் ‘பிரைப்பஞ்சு’ எனலாம்.

இம்முறை ஒரு பிரைக்கல்லும் கடையில் வாங்கிய வெறுங்கற்களும் இட்டு இன்றைக்கு 23ஆம் நாள். மணல்மேல் பழுப்புப் படலம் படர்ந்திருக்கிறது, அம்மோனியா பூச்சியம், நைட்ரைட்டு இன்னும் இறங்கவில்லை, மீன் வாங்கவில்லை. ‘நீரிணக்கல்’ எனக்கே சற்றுச் செயற்கையாகத் தோன்றுகிறது. மீன் வளர்ப்போரிடம் அதற்கு வழக்குச்சொல் இருந்தால் அதையே ஏற்றுக்கொள்வேன்.