உப்பு நீர் வரும் வீட்டுக்கு வாஷ் பேசின்: எந்தப் பொருள் நீடித்து உழைக்கும்?

கேள்வி – கடலோரவாசி

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில் எங்கள் வீடு இருக்கிறது. புழங்குவதற்கு போர்வெல் தண்ணீர்தான்; வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏறிக்கொண்டே இருக்கும் அளவுக்கு உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீர். வீடு கட்டும்போது ஒப்பந்தக்காரர் பொருத்திக் கொடுத்த பாலிமார்பிள் பேசின் இப்போது மஞ்சளடித்துவிட்டது. தண்ணீர் இறங்கும் துளையைச் சுற்றி, சிலந்தி வலை விரித்ததுபோல் மெல்லிய கீறல்களும் விழுந்திருக்கின்றன.

மாற்றலாம் என்று கடைக்குப் போனால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேசினில் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை என்பதால் இது துருவே பிடிக்காது என்கிறார்கள். மைத்துனரோ கறுப்பு கிரானைட்டில் குடைந்து செய்துவிடு என்கிறார். அம்மா குளியலறையை ஆசிட் ஊற்றித்தான் கழுவுவார். அப்பா முகம் கழுவும்போது பேசின் விளிம்பில் கையை நன்றாக ஊன்றிக்கொள்வார். இவ்வளவையும் தாங்கக்கூடியது எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – கட்டட மேற்பார்வை

வணக்கம். முதலில் உங்கள் பழைய பேசினுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவோம். பாலிமார்பிள் என்பது பாலியெஸ்டர் பிசினில் கல்மாவைக் கலந்து அச்சில் வார்த்து, மேலே ஜெல்கோட் என்னும் மெல்லிய பூச்சு கொடுத்த பொருள். பளபளப்பு முழுவதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறி மாறி விழும் இடமும், கீழே நட்டை இறுக்கும் இடமும் துளையைச் சுற்றியே இருப்பதால், பூச்சு அங்கேதான் முதலில் விரிசல் விடும். விரிசலுக்குள் அழுக்கும் உப்பும் புகுந்தபின் எதைப் போட்டுத் தேய்த்தாலும் பயனில்லை.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது சாதாரண வெள்ளை விட்ரியஸ் சைனா பேசின்தான். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுப்பதால் களிமண்ணே கண்ணாடித்தன்மை அடைந்துவிடுகிறது, ஐ.எஸ். 2556 என்ற இந்தியத் தரப்படி அதன் நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடையிலேயே பேசினைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுப் பேனா மை வைத்து, சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மை உள்ளே ஊறிப் பரவினால் அது சரியாகச் சுடாத சரக்கு. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பதில் – உலோகப் பட்டறை

காந்தச் சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய, துருவை அவ்வளவாகத் தாங்காத 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 வகையிலும் ஒட்டாது. ஆகவே கடைக்காரர் காட்டியது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அதை ஆங்காங்கே துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். உங்கள் தண்ணீரிலும் குளோரைடு, காற்றிலும் குளோரைடு. அம்மா ஊற்றும் ஆசிட்டோ ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் புகையே போதும். மாலிப்டினம் சேர்த்த 316 ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றாலும், ஆசிட் பழக்கம் தொடரும் வீட்டில் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் – கல்வேலை

மைத்துனர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். நல்ல கிரானைட் இந்த ஆசிட்டுக்கு எளிதில் அசையாது, சுரண்டினாலும் கீறல் விழாது. ஆனால் கறுப்பு நிறத்தில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாகத் தெரியும், துடைத்து மாளாது. பலகைகளை வெட்டி ஒட்டிச் செய்த பேசினில் பலவீனம் கல்லில் இல்லை, ஒட்டுப் பசையில் இருக்கிறது. மார்பிள் பக்கம் மட்டும் போகாதீர்கள்: அது சுண்ணாம்புக் கல் இனம், எலுமிச்சைச் சாறு பட்டாலே மெருகு போய்விடும்.

கேள்வி கேட்டவர் – கடலோரவாசி

மிக்க நன்றி. விட்ரியஸ் சைனாவே வாங்கிவிடுகிறோம். அப்படியானால் அம்மா ஆசிட்டைத் தொடரலாமா? எங்கள் சுவர் ஹாலோ பிளாக் என்பதால், பேசினைத் தாங்கும் பிராக்கெட் அப்பாவின் எடையையும் தாங்குமா என்பதும் கவலையாக இருக்கிறது.

பதில் – கட்டட மேற்பார்வை

நன்றாகச் சுட்ட மெருகை அந்த ஆசிட் அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் குழாயின் குரோமியப் பூச்சையும், தண்ணீர் இறங்கும் துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங்கையும், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் தின்றுவிடும். வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் அதைக் கரைக்க வினிகரே போதும். பழைய துணியை வினிகரில் நனைத்துப் படிவின்மேல் அரை மணி நேரம் போட்டுவைத்துப் பிறகு கழுவச் சொல்லுங்கள். கம்பி நாரும் மணல் கலந்த பவுடரும் வேண்டாம். மெருகில் கீறல் விழுந்தால் அடுத்த படிவு அங்கேதான் பிடிக்கும்.

சுவர் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. ஹாலோ பிளாக்கின் வெற்றிடத்தில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. பிராக்கெட் வரும் இடத்தில் பிளாக்கைத் திறந்து கான்கிரீட் நிரப்பி, அது நன்கு இறுகிய பிறகு போல்ட் போடச் சொல்லுங்கள்; அல்லது கிரானைட் பலகையைச் சுவரில் பதித்து அதன்மேல் பேசினை உட்கார வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கடப்பா கல்லைப் போட்டுவிடுவார்கள். அதுவும் சுண்ணாம்புக் கல்தான், கவனம். எப்படிப் பொருத்தினாலும் பேசின் கைப்பிடி ஆகாது. அப்பாவுக்குப் பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு பிடிகம்பி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வேஸ்ட் கப்ளிங்கைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் அப்ப விடாதீர்கள். ரப்பர் வாஷரைப் போட்டு, நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. புதிய பேசின்கள் பல, பிளம்பர் அழுத்தித் திருகுவதில்தான் விரிசல் விடுகின்றன. சுவர் ஓரத்தில் சிலிக்கான் பூசுவதற்கு முன், பேசினை நிரப்பி வைத்து, அடிப்பக்கத்தைக் காய்ந்த செய்தித்தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் ஈரம் இல்லையென்றால் பூசிவிடலாம்.