புனோம் பென்னில் 13 வயது மகளுடன் துவோல் சிலெங் செல்லலாமா?

கேள்வி:
வணக்கம். வரும் டிசம்பரில் அங்கோர் வாட் பார்ப்பதற்காகக் குடும்பத்துடன் கம்போடியா செல்கிறோம்; புனோம் பென்னில் 2 நாள் தங்குகிறோம். துவோல் சிலெங் அருங்காட்சியகத்துக்கும் சோயுங் எக் கொலைக்களத்துக்கும் போகாமல் அந்த ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனைவியோ, 13 வயது மகளை அழைத்துக்கொண்டு அங்கே போவானேன் என்கிறார். மனிதர்கள் வதைபட்ட இடத்துக்கு, விடுமுறையின் நடுவே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவது முறைதானா என்ற உறுத்தல் எனக்கும் இருக்கிறது. போய்வந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1:
ஐயா, நான் ஆசிரியை. துவோல் சிலெங்கில் என்னை முதலில் நிலைகுலைய வைத்தது அது ஒரு பள்ளிக்கூடம் என்பதுதான். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிசப் படை தலைநகரான புனோம் பென்னைப் பிடித்து, மக்களை வயல்வெளிகளுக்கு விரட்டிய பிறகு, இந்த உயர்நிலைப் பள்ளி எஸ்-21 என்ற இரகசியச் சிறையாயிற்று. மாணவர்கள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டத்தில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மயங்கியவர்களின் தலையைக் கீழே இருந்த சாடியின் அழுக்கு நீரில் அமிழ்த்தியிருக்கிறார்கள். சட்டமும் சாடிகளும் இன்றும் முற்றத்தில் இருக்கின்றன. சிறையின் தலைவன் டூச்சும் முன்பு கணக்கு ஆசிரியனாக இருந்தவன்.

அடுத்த கட்டடத்தில் கைதிகளின் படங்கள் வரிசை வரிசையாக உள்ளன. சட்டையில் எண் குத்தப்பட்ட ஒரு சிறுவன், படம் எடுப்பவர் சொன்னபடி நிமிர்ந்து நேராகப் பார்க்கிறான். என் வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. 14,000 பேருக்கு மேல் அடைபட்ட அச்சிறையிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலரே. உங்கள் மகளுக்கு முன்கூட்டியே வரலாற்றைச் சொல்லி, அவள் விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
சகோதரி சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோயுங் எக்குக்கு என் 12 வயது மகனை அழைத்துப் போனது என் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். எஸ்-21 கைதிகளை இரவில் லாரியில் கொண்டுவந்து கொன்று புதைத்த இடம் அது. குழந்தைகளை அடித்துக் கொன்ற மரம் ஒன்று இருக்கிறது. வருபவர்கள் தம் கையில் கட்டியிருக்கும் வண்ணக் கயிறுகளை அவிழ்த்து அதில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அறிவிப்புப் பலகையைப் படித்த மகன் அன்றிரவு தூங்கவில்லை. மழை பெய்தால் எலும்புத் துண்டும் துணிக்கிழிசலும் நடைபாதையிலேயே மேலே வரும். பெரியவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம்தான். மகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம்.

மறுமொழி 3:
நுழைவுச்சீட்டு பற்றிய உங்கள் உறுத்தலுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் சென்றபோது, தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்ததால் எஸ்-21இல் உயிர்தப்பிய சும் மேய், தம் புத்தகத்துடன் அதே முற்றத்தில் அமர்ந்திருந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், தாம் வதைபட்ட இடத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசுகிறார் என்றால் நாம் வந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. கெமர் ரூஜ் ஆட்சியில், நான்கு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 17 இலட்சம் பேரை இழந்த நாடு அது. டூச்சுக்கு ஆயுள் தண்டனை உறுதியாகவே 2012 ஆகிவிட்டது. போவதில் தவறில்லை, அங்கே எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். சோயுங் எக்கில், மண்டையோடுகள் அடுக்கப்பட்ட நினைவுத் தூபியின் முன் சிரித்தபடி செல்ஃபி எடுத்தவர்களைப் பார்த்து மனம் கொதித்தது. எங்கள் டுக்டுக் ஓட்டுநர், வழியில் சுற்றுலாப் பயணிகள் பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடும் இடத்துக்கும் போகலாமா என்று கேட்டார். உங்களிடமும் கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மூவரும் துவோல் சிலெங் செல்வதென்றும், சோயுங் எக்குக்கு மறுநாள் காலை நான் மட்டும் போவதென்றும் பேசி முடிவெடுத்தோம். எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

மறுமொழி 1:
துவோல் சிலெங்குக்கு 3 மணி நேரமாவது வேண்டும். ஒலி வழிகாட்டியை மூவரும் தனித்தனியே வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்குக் கனமாகத் தோன்றும் பகுதியை அவளே தாண்டிச் செல்லலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். முற்றத்தில் மர நிழலில் இருக்கைகள் உண்டு. இடையிடையே அவளை அங்கே உட்கார வையுங்கள். அன்று மாலைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் கேள்வி கேட்பாள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.