‘வித்’ ஒட்டினால் வரும் வினை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல் வாசி

ஆங்கில வினைச்சொல்லோடு அப், ஆன், அவுட் என்று ஏதாவது சேர்ந்தால் பொருள் தடம் மாறிவிடும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ‘கிவ் அப்’பில் யாரும் எதையும் கொடுப்பதில்லை, நம்முடைய ‘ஏமாந்து போனான்’ என்பதில் அவன் எங்கேயும் போகாத மாதிரி. அது பழகிவிடுகிறது. ஆனால் அதற்கும் பின்னால் மூன்றாவதாக வந்து உட்காரும் வித், ஆன், டு இருக்கிறதே, அது இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் கவிழ்த்துவிடும். ‘புட் அப்’ என்றால் விருந்தாளியை வீட்டில் தங்கவைப்பது. ‘புட் அப் வித்’ என்றால் அந்த விருந்தாளியைப் பொறுத்துக்கொள்வது.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் ஒரு பில் விஷயமாக ‘ஃபாலோ அப் வித் ஃபைனான்ஸ்’ என்று மின்னஞ்சல் போட்டார். புதிதாகச் சேர்ந்த திருச்சித் தம்பி ‘ஐ வில் ஃபாலோ அப் ஆன் ஃபைனான்ஸ்’ என்று பதில் எழுதி, அந்தப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த ஒரு சீன அம்மா எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். “வை, வி காட் ப்ராப்ளம் ஆ?” ஆளிடம் கேட்பதற்கு ‘வித்’, விஷயத்துக்கு ‘ஆன்’. தம்பி ‘ஆன்’ போட்டதும் ஃபைனான்ஸ் பிரிவே விசாரணைக்குரிய விஷயமாகிவிட்டது. கோப்பி வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

நீங்கள் கண்டது, கேட்டது எதுவானாலும் எழுதுங்கள்.

ஈசூன் அப்பா

தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாரும் இல்லையா? அந்த ஆங்கிலமே தனி. வார இறுதிக்கு முகாமைவிட்டு வந்தால் ‘புக் அவுட்’, திரும்பிப் போனால் ‘புக் இன்’. ராணுவத்தையே வேலையாக எடுத்துக்கொண்டால் ‘சைன் ஆன்’. பிரிட்டனில் ‘சைன் ஆன்’ என்பது வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்குப் பதிந்துகொள்வது. நம்ம ஊர்ப் பையன் அங்கே போய் ‘நான் சைன் ஆன் பண்ணிட்டேன்’ என்று பெருமையாகச் சொன்னால் என்ன ஆகும், பாருங்கள்!

அணிவகுப்புக் கட்டளைகள் என்னவோ மலாயில்தான். ‘செடியா’, ‘செனாங் டிரி’ எல்லாம் என் காலில் இன்னும் இருக்கிறது. ஆனால் வந்து வரிசையில் நில் என்பதற்குப் பேச்சில் ‘ஃபால் இன்’. ‘ஃபால் அவுட்’டுக்கு இரண்டு பொருள். ஒன்று, வரிசை கலைவது. இன்னொன்று, நெடுநடையில் முடியாமல் பாதியில் விலகுவது. அந்த இரண்டாவது எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

என் மகன் தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது ஒரு நாள் இரவு இவ்வளவுதான் செய்தி வந்தது: ‘பா, ஃபெல் அவுட் வித் மை படி’. அந்த வாரம் அவர்களுக்கு நெடுநடை இருப்பது எனக்குத் தெரியும். ‘படி’ என்பது ஜோடியாகப் போடும் கூட்டாளி. ஆக, இரண்டு பேரும் சேர்ந்தே நடையிலிருந்து விலகிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். தண்ணீர் குடித்தாயா, காலில் கொப்புளமா, மருத்துவரைப் பார்த்தாயா என்று வரிசையாக அனுப்பினேன். மனைவி அதற்குள் தைல பாட்டிலை எடுத்து அவன் பைக்காக மேசையில் வைத்துவிட்டாள். அவனிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. அப்புறம் போன்.

“அப்பா, நடை நாளைக்குத்தான். நானும் அவனும் பேசிக்கிறதில்ல, அவ்வளவுதான்.”

அலமாரிச் சாவியைத் தொலைத்தது யார் என்று சண்டையாம். ராணுவப் பேச்சில் ‘ஃபால் அவுட்’ மட்டும் இருந்தால் விலகல். ‘வித்’ சேர்ந்தால் மனஸ்தாபம். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நினைத்த பொருளிலும் அந்த வாக்கியம் இலக்கணப்படி சரிதான். ‘வித்’ என்பதைக் ‘கூடச் சேர்ந்து’ என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பேரும் விலகுகிறார்கள், வினையோடு ஒட்டியது என்று எடுத்துக்கொண்டால் சண்டை போடுகிறார்கள். இதை எந்த அகராதியைப் பார்த்து நான் பிரித்தறிவது?

டியூஷன் அக்கா

ஈசூன் அப்பா சொன்னதற்கு அகராதி வேண்டாம், ‘நடையா, சண்டையா’ என்று பையனையே கேட்க வேண்டியதுதான் :)

நான் தொடக்கநிலை ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.யின் வாக்கிய மாற்றப் பகுதியில் இந்த மூன்று துண்டு வினைகளைத்தான் பிள்ளைகள் பிய்த்துப்போடுவார்கள். ‘பிக் ஹிம் அப்’பில் ‘ஹிம்’ நடுவில் வந்தே ஆக வேண்டும். அதே பழக்கத்தில் ‘புட் ஹிம் அப் வித்’ என்று எழுதிவைப்பார்கள். பின்னால் வித், ஆஃப் போன்ற முன்னிடைச்சொல் வந்துவிட்டால், பெயர் அதற்கு அப்புறம்தான். ‘புட் அப் வித் ஹிம்’, ‘ரன் அவுட் ஆஃப் இட்’. நடுவில் நுழைய இடமே இல்லை. (‘ஃபிக்ஸ் சம்ஒன் அப் வித்’ போல இரண்டு ஆளைக் கேட்கும் வினைகள் வேறு ரகம். அதைத் தேர்வுக்கு முந்தின வாரம் சொல்லிக் குழப்பாதீர்கள்.)

இன்னொன்று ‘லுக் ஃபார்வர்ட் டு’. இதற்குப் பின்னால் ‘சீ யூ’ என்றே பெரியவர்களும் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் சோதனை சுலபம்: ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பார். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. அப்போது ‘சீயிங்’ போடு. ‘ஐ வான்ட் டு இட்’ நிற்காது. அங்கே வெறும் ‘சீ’.

ஊரிலிருந்து வந்த பெற்றோர் ‘கோப் அப் வித்’ என்பார்கள். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ இரண்டும் காதில் ஊறியதால் அந்த ‘அப்’ தானாக வந்து ஏறிக்கொள்கிறது. ‘கோப் வித்’ போதும். நம்ம பிள்ளைகளுக்கு வேறு நோய், தாளைக் கொடுக்கச் சொல்வதற்கு: ‘பாஸ் அப் யுவர் வொர்க்‌ஷீட்’.

பொங்கோல் வாசி

அக்கா, ‘பாஸ் அப்’ எப்படி நோயாகும்? என் ஆசிரியர்களே அப்படித்தான் சொன்னார்கள். இங்கே எல்லாருக்கும் அது புரியும்.

டியூஷன் அக்கா

வகுப்பில் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘பாஸ் அப்’ என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. வேலைக்கான நேர்காணலில் ‘ஐ ஆல்வேஸ் பாஸ் அப் மை வொர்க்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? பரீட்சைத் தாளில் ‘ஹேண்ட் இன்’. அவ்வளவுதான் என் சட்டம்.

துவாஸ் தம்பி

கட்டுமானத் தளத்தில் இது சிரிக்கிற விஷயமில்லை. ‘ஹோல்ட் ஆன்’ என்றால் பெரும்பாலும் பொறு. ‘ஹோல்ட் ஆன் டு’ என்றால் கெட்டியாகப் பிடி. காற்றும் இயந்திரச் சத்தமும் சேர்ந்தால் கடைசியில் இருக்கிற ‘டு’ காதில் விழவே விழாது. சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கீழேயிருந்து சீன மேற்பார்வையாளர் கம்பியைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார். இவருக்கு ‘ஹோல்ட் ஆன்’ மட்டும்தான் கேட்டது. ஏறுவதை நிறுத்தி, இரண்டு கையும் தொங்க, திரும்பி நின்று “யெஸ் பாஸ்?” என்றார். நல்லவேளை, பாதுகாப்புக் கயிறு மாட்டியிருந்தது.

அடுத்த நாள் காலை, வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பேசி முடிவெடுத்தோம். மேலே இருப்பவரிடம் சொல்லும்போது ஒட்டு வினையே வேண்டாம். நிற்க ‘ஸ்டாப்’, பிடிக்க ‘கிராப்’. தமிழ், வங்காளம், சீனம் எந்த வாயிலிருந்து வந்தாலும் அந்த இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

நைட் ஷிஃப்ட்

நான் தாதி. எங்கள் பக்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது ‘ஹேண்ட் ஓவர் டு’, ‘டேக் ஓவர் ஃப்ரம்’ இரண்டும் புதிதாக வந்த தாதியருக்குக் கொஞ்ச நாள் இடம் மாறும், அப்புறம் சரியாகிவிடும். ‘பாஸ்ட் அவுட்’ இன்னும் மோசம். ஊரில் அது படித்து முடித்தது, வார்டில் மயக்கம், ஈசூன் அப்பா சொன்ன ராணுவத்தில் பயிற்சி முடித்து அணிவகுத்தது.

மறக்க முடியாதது ஒரு பாட்டி. மலாயும் தமிழும் சரளம், ஆங்கிலம் சந்தைக்குப் போதுமான அளவு. இரண்டு நாள் வாந்திக்குப் பிறகு கஞ்சி கொடுத்திருந்தோம். இளம் மருத்துவர் வந்து “ஆன்ட்டி, கேன் யூ கீப் யுவர் ஃபூட் டவுன்?” என்று கேட்டார். சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்பதுதான் கேள்வி. பாட்டி மரியாதையாகத் தட்டைத் தூக்கி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிந்து தரையில் வைக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். விளக்கிச் சொன்னதும் என்னிடம் கேட்டார்: “அத நேரா ‘இன்னும் வாமிட்டிங் ஆ’ன்னு கேட்டா என்னவாம்மா? சாப்பாட்டக் கீழ வைக்கச் சொல்றாரே, பாதிதான் சாப்பிட்டேன்.”