கால்ப்ராப்: போரான்/கார்பன் விகிதம் பாதிகூட வரவில்லை

கதிர்முனை:
காஸ்மிக் கதிர்கள் பால்வீதியில் பரவுவதைக் கணக்கிடும் கால்ப்ராப் நிரலை இரு பரிமாணத்தில் ஓட்டுகிறேன். ஹேலோவின் (கதிர்கள் அலையும், வட்டைச் சுற்றிய பகுதி) அரை உயரம் 4 கிலோபார்செக். 4 ஜிகாவோல்ட் ரிஜிடிட்டியில் (உந்தம்/மின்னூட்டம்) பரவல் கெழு 5.8×10²⁸ செ.மீ.²/நொடி, ரிஜிடிட்டியோடு அது ஏறும் சாய்வு 0.33, ஆல்ஃப்வென் வேகம் (காந்தப்புல அலைகளின் வேகம்) நொடிக்கு 30 கி.மீ. நேரம் மிச்சமாகட்டும் என்று அணு எண் 6 வரை மட்டும் போட்டேன். போரான்/கார்பன் விகிதம் ஏ.எம்.எஸ்-02 (விண்வெளி நிலையத்தில் உள்ள கதிர் அளவி) தரவில் பாதிகூட வரவில்லை. பரவல் கெழுவைக் குறைத்தால் 10 ஜிகாவோல்ட்டில் ஒட்டுகிறது. அந்த மதிப்பை நம்பலாமா?

அணுத்துகள்:
வேண்டாம். ஆக்சிஜனை வெட்டியதுதான் கோளாறு. போரான் மூலங்களில் கிட்டத்தட்ட பிறப்பதே இல்லை. கனமான கருக்கள் விண்மீனிடை வாயுவில் மோதி உடையும்போது வருவது. அதில் கார்பன்-12 அளவுக்கே ஆக்சிஜன்-16க்கும் பங்கு உண்டு. மீதி நைட்ரஜன், நியான், மக்னீசியம், சிலிக்கான் என்று இரும்பு வரை நீளும். உச்ச அணு எண்ணை 28 ஆக்குங்கள். தனிமங்களுக்கான சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று 0 ஆக இருந்தாலும் ரன் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

கருவினைச் சுற்றுகளை (எல்லாக் கருக்களையும் எத்தனை முறை தீர்ப்பது என்பது) 2 என்று வையுங்கள். நிரல் கனமான கருவில் தொடங்கி இறங்கிக்கொண்டே தீர்க்கும். பெரிலியம்-10 சிதைந்து போரான்-10 ஆவது அணு எண் ஏறும் எதிர்த்திசை என்பதால் ஒரே சுற்றில் விடுபட்டுப்போகும்.

கதிர்முனை:
28 வரை ஓட்டியாயிற்று. 20 ஜிகாவோல்ட்டுக்கு மேல் சரி, கீழேதான் இடிக்கிறது. விகிதத்துக்கு நேரடியாக 550 மெகாவோல்ட் சூரியத் திருத்தம் (சூரியக் காற்று கதிர்களின் ஆற்றலைக் குறைப்பதற்கானது) போட்டிருக்கிறேன்.

மேகலை_இயற்பியல்:
விகிதத்துக்குத் திருத்தம் போடக் கூடாது. போரான்-10, 11, கார்பன்-12, 13 ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். நியூக்ளியானுக்கு இழப்பு 550×இசட்/ஏ எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்); இசட் அணு எண், ஏ நிறை எண். அடுத்தது அச்சு. கால்ப்ராப் தருவது நியூக்ளியானுக்கான இயக்க ஆற்றலில், ஏ.எம்.எஸ் வெளியிடுவது ரிஜிடிட்டியில். 2 ஜிகாவோல்ட்டில் கார்பன்-12க்கு நியூக்ளியானுக்கான ஆற்றல் 0.435 ஜிஇவி (கிகா எலக்ட்ரான்வோல்ட்), போரான்-11க்கு 0.37 ஜிஇவி. மாற்றும்போது பாயத்தை (துகள் வரத்து) β×இசட்/ஏ-யால் பெருக்க மறக்காதீர்கள்; β என்பது ஒளிவேகத்தோடு ஒப்பிட்ட துகளின் வேகம். ஐசோடோப்புகளைக் கூட்டி, கடைசியில் வகுங்கள். திருத்தத்தின் மேலேயே சந்தேகம் என்றால், 2012 ஆகஸ்டில் சூரியக் கோளத்தை (சூரியக் காற்று நிரம்பிய பகுதி) தாண்டிய வாயேஜர்-1 விண்கலத்தின் தரவோடு திருத்தம் போடாத வளைகோட்டை ஒப்பிடுங்கள்.

அணுத்துகள்:
இதெல்லாம் பொருந்தினாலும் ஹேலோ உயரம் கிடைத்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். உயரத்தை 8 ஆக்கி, பரவல் கெழுவையும் ஏறக்குறைய இரட்டித்தால் அதே விகிதம்தான் வரும். பிரித்துச் சொல்ல பெரிலியம்-10/9 விகிதம் வேண்டும்; சிதையும் பெரிலியம்-10 கடிகாரம் மாதிரி, அதன் அரை ஆயுள் 13.9 லட்சம் ஆண்டு.

நேரம்தான் கவலை என்றால் தனிமத்தை வெட்டாமல் இறுதிக் காலப்படியை 100இலிருந்து 10,000 ஆண்டுக்கு உயர்த்துங்கள். கருக்களுக்கு அது போதும். பல டிஇவி (டெரா எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைச் சேர்க்கிற அன்று மட்டும் திரும்ப இறக்க வேண்டும்: 1 டிஇவியில் ஆற்றல் இழப்புக் காலமே சுமார் 3 லட்சம் ஆண்டுதான், ஆற்றல் ஏற ஏற இன்னும் சுருங்கும்.