காரைப் பள்ளத்தாக்கில் ஒரு துளி அமிலம்

இளநிலைப் புவியியல் இரண்டாம் ஆண்டில், பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குக் களப்பயணம் சென்றோம். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்த களிமண், இன்று மழைநீர் அரித்த ஓடைகளும் மேடுகளுமாகப் புல்கூட முளைக்காமல் செந்நிறத்தில் பரந்து கிடக்கிறது. வெயிலில் எங்கு பார்த்தாலும் ஏதோ மின்னும். மின்னியதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, களக்குறிப்பேட்டில் "கால்சைட்" என்று கனிமத்தின் பெயரை எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "எதை வைத்து எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வெண்மையாக, இழையிழையாக இருந்தது என்றேன். அவர் மறுபேச்சின்றி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியை நீட்டினார். ஒரு துளி விட்டேன்; கால்சைட் என்றால் நுரைத்திருக்க வேண்டும், நுரைக்கவில்லை. நகத்தால் கீறச் சொன்னார், கீறல் விழுந்தது; அது ஜிப்சம். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் ஜிப்சத்தின் கடினம் 2, கால்சைட்டின் கடினம் 3, நகத்தினுடையது இவ்விரண்டுக்கும் இடையில் என்று முதலாண்டுத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த நகம் என் விரலில்தான் இருக்கிறது என்பது அன்றுவரை தோன்றவில்லை.

அதைவிட வெட்கம் அடுத்துக் காத்திருந்தது. காய்ந்த குச்சித் துண்டு என்று நான் ஒதுக்கிய, விரல் பருமனில் ஒரு முனை கூம்பிய பழுப்புக் கல்லை அவர் எடுத்து அமிலம் விட்டதும் சீறி நுரைத்தது. அது பெலம்னைட். இன்றைய கணவாய்க்கு உறவான, அற்றுப்போன கடல் உயிரியின் உள்ளோட்டுப் பகுதி. களிமண் விரிசல்களில் பின்னாளில் படிந்த ஜிப்சத்தைப் பை நிறையச் சுமந்துகொண்டு, அந்தக் கடலில் நீந்திய உயிரை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். மாலையில் சாத்தனூர் கல்மரத்துக்கும் சென்றோம். 1940 இல் புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த அடிமரத்தின் எதிரே எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் குறிப்பேட்டில் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

* * *

மேலே எழுதியவருக்கு அமிலம் என்றால், எனக்குச் சாணைத்தூள். பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறைத் துண்டை, நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவும்படி, கண்ணாடித் தகட்டின்மேல் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால் புவியியலறிஞர் ஹாலண்ட் இட்ட பெயர் அது. சரியான தடிமன் வந்ததற்கு அடையாளம், முனைவாக்க நுண்ணோக்கியில் குறுக்கிட்ட ஒளியில் குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரிவதுதான். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். மஞ்சள் போகட்டும் என்று ஆர்வத்தில் தேய்த்த என் முதல் சீவலில், நுண்ணோக்கியில் வைத்தபோது பசை மட்டுமே மிஞ்சியிருந்தது. மூன்றாவது முயற்சியில், மேடையைச் சுழற்றச் சுழற்ற பாறையிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறியதைக் கண்டேன். கையில் வைத்துப் பார்க்கையில் எண்ணெய் பூசிய கருங்கல்லாகத்தான் இருந்தது; ஆய்வகம் பூட்டும் வரை அந்த மேடையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.