புதுப்பிப்பு: காட்பாடி நிலத்தடி மின்தடைத்திறன் ஆய்வில் ரீடிங் தாவிய பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பிஎச்.டி களப்பணி, நைஸ் என்ற கடினப் பாறைமேல் காய்ந்த செம்மண், ஷ்லம்பெர்ஜர் முறை (வெளிப்பக்க ஏ, பி முளைகள் வழியே நிலத்துக்குள் கரண்ட் விட்டு, நடுவிலுள்ள எம், என் முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பது). ஏபி/2, அதாவது ஏ, பி இடைவெளியில் பாதி, 60 மீட்டரைத் தாண்டியதும் ரீடிங் நிலைக்கவில்லை.

கருவியை மாற்றத் தேவைப்படவில்லை. எம்என் (எம், என் இடைவெளி) தூரத்தைக் கூட்டச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. எம்என்னும் கரண்டும் மின்தடைத்திறனும் மாறாமல் இருந்தால் ஏபி/2 இரட்டிப்பாகும்போது மின்னழுத்தம் கால் பங்காகிவிடும். ஏபி/2 100 மீட்டர், எம்என் 4 மீட்டர், கரண்ட் 50 மில்லி ஆம்பியர், மின்தடைத்திறன் 200 ஓம்-மீட்டர் என்றால் கிடைப்பது 1.3 மில்லிவோல்ட்தான். பக்கத்து பம்ப்செட் ஓடினாலே அது இரைச்சலில் காணாமல் போகும். எம்என்னை 20 மீட்டராக்கினால் 6.4 கிடைக்கிறது. மாற்றும் இடத்தில் பழைய எம்என், புதிய எம்என் இரண்டிலும் ரீடிங் எடுங்கள். இல்லாவிட்டால் ஏபி/2-க்கு எதிரே மின்தடைத்திறனை வரையும் வளைவின் துண்டுகளை ஒட்டவைக்க முடியாது. எம்என், ஏபியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்றும் யோசனையும் உதவியது, ஆனால் கரண்ட் விடும் ஏ, பி முளைகளுக்கு மட்டும். எம், என் பக்கம் ஊற்றினால் தன்மின்னழுத்தம் (கரண்ட் விடாமலே அங்கே இருக்கும் மின்னழுத்தம்) நகர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே வெறும் தண்ணீர் போதும்.

எதிர்பாராத ஒன்று: ராணிப்பேட்டை பக்கம் 10 ஓம்-மீட்டருக்கும் கீழே ஓர் அடுக்கு வந்தது. களிமண் என்று எழுதிவிடத் தோன்றும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்த உவர்நீரும் இதே எண்ணைக் காட்டும். அருகிலுள்ள கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளக்காமல் பிரித்துச் சொல்ல வழியில்லை.