நஞ்சுக்கொடி தானாக வெளிவரக் காத்திருந்தவர்கள் இருக்கிறீர்களா?

தோழிகளே, எனக்கு இது 36-ஆவது வாரம். முதல் பிரசவத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்ட கையோடு தொடையில் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று யாரும் சொல்லவில்லை. ஆக்சிடோசின் என்று பிறகுதான் அறிந்தேன். கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து; எல்லாப் பிரசவங்களுக்கும் 10 யூனிட் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

ஆனாலும் இம்முறை குழந்தையை மார்பில் அணைத்தபடி, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, ஊசி இல்லாமல் நஞ்சுக்கொடி தானாக வரட்டும் என்று மனம் ஏங்குகிறது. ஹீமோகுளோபின் 9.8 தான், அதுவே என் பயம்.

அப்படிக் காத்திருந்தவர்களே, இரத்தப்போக்கு எவ்வளவு இருந்தது? இடையில் ஊசி தேவைப்பட்டதா? ஊசியை ஏற்றுக்கொண்டு, தொப்புள்கொடியை மட்டும் 3 நிமிடம் கழித்து வெட்டச் சொன்னவர்கள் உண்டா? மருத்துவரிடம் எப்படிக் கேட்டீர்கள்? வியாழக்கிழமை அவரைப் பார்க்கிறேன்.